மூன்று ஆண்டுகளாக முதுகுத்தண்டு வாதத்துக்கு மருத்துவம்: காரணம் உடலில் வேறெங்கோ உள்ள ஒரு சிறு கட்டியாக இருக்குமா?

தறிக்கூடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 41. குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறிகள் வைத்து நடத்திவந்தார். அவர் தறிக்கூடத்துக்குள் கால் வைத்து இப்போது ஆறு மாதங்கள் ஆகின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு குதிகால்களிலும் வலி தொடங்கியது. நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பதால் வந்த வலி என்று நினைத்துச் செருப்பை மாற்றினோம். சில மாதங்களில் வலி இடுப்புக்கு ஏறியது. அடுத்த ஆண்டு விலா எலும்புகளிலும் வந்துவிட்டது. தும்மல் வருவது தெரிந்தாலே இரண்டு கைகளாலும் விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முதலில் கால்சியம் குறைவு என்றார்கள், பிறகு வைட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு பொட்டலம் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். வைட்டமின் டி அளவு சரியான பிறகும் வலி குறையவில்லை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கான பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தவுடன், இது முதுகுத்தண்டு வாதம்தான் என்று முடிவு செய்து முதலில் மாத்திரைகளும், பிறகு விலையுயர்ந்த ஊசிகளும் கொடுத்தார்கள். அந்த ஊசிகளுக்காக இரண்டு தறிகளை விற்றோம். அதன்பின் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து, எலும்பு மெலிவும் சேர்ந்திருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் மருந்தை இரண்டு முறை ஏற்றினார்கள். எலும்பு ஸ்கேனில் விலாக்களிலும் இடுப்பிலும் பல இடங்கள் கருத்துத் தெரிந்ததால், வேறொரு மருத்துவமனையில் புற்றுநோய் பரவியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். அந்த இரண்டு வாரங்கள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. தேடிப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்த்த மருத்துவர், மன அழுத்தம் காரணமாக வலி கூடுதலாகத் தெரிகிறது என்று கூறித் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இவர்களில் ஒருவர்கூட அக்கறை இல்லாமல் பார்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணனின் நிலை மாதத்துக்கு மாதம் மோசமாகிறது. தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியவில்லை. எங்கள் தறிக்கூடத்தின் நிலைவாசல் தாழ்வானது. அண்ணன் எப்போதும் தலையைக் குனிந்துதான் உள்ளே போவார். கடைசியாக அவரை அங்கே அழைத்துப் போனபோது அவர் குனியவே இல்லை, தலையும் இடிக்கவில்லை. அதைப் பார்த்தபோது என் வயிறு கலங்கிவிட்டது. உயரம் குறைந்திருக்கிறது என்பதை அதுவரை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

எல்லா இரத்தப் பரிசோதனை அறிக்கைகளிலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி மட்டும் 400க்கு மேல் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், எலும்பு நோய் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். மிக அரிதான ஒரு கட்டி இதுபோன்ற எலும்பு வலியைக் கொடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? உண்மையென்றால் எந்தப் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும்?

சுரப்பியியல் மருத்துவர் (பதில்)

தங்கள் அண்ணனை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையாகாது. ஆனால் தாங்கள் எழுதியதில் ஒரு விடுபடல் எனக்கு உடனே தெரிகிறது. கால்சியம், வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்படேஸ் எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இரத்தத்தில் பாஸ்பரஸ் (உடலில் அது பாஸ்பேட்டாக இருக்கிறது) எவ்வளவு என்பது எங்கும் இல்லை. அதைப் பார்த்திருக்கிறார்களா? மிகவும் மலிவான பரிசோதனை அது. ஆனால் வழக்கமான முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் அது சேர்க்கப்படுவதில்லை. மருத்துவர் தனியாக எழுதிக் கேட்டால்தான் வரும்.

தங்கள் உறவினர் சொன்னது உண்மையே. கட்டியால் உண்டாகும் ஆஸ்டியோமலேசியா என்று அதைச் சொல்கிறோம். ஆஸ்டியோமலேசியா என்பது எலும்பு மெலிவதைக் காட்டிலும் வேறானது. மெலிவில் எலும்பின் அளவு குறைகிறது. இதில் எலும்பின் சட்டகம் இருக்கும், ஆனால் அதன்மேல் படிய வேண்டிய சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சரியாகப் படியாமல் எலும்பு இளகிப்போகிறது. அடர்த்திப் பரிசோதனையால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டிலுமே எண் குறைவாகத்தான் வரும். பிரித்துக் காட்டக்கூடியது ஆல்கலைன் பாஸ்படேஸ். சாதாரண எலும்பு மெலிவில் அது பெரும்பாலும் உயராது. எலும்பு முறிந்து கூடிவரும் வேளையில் சற்று ஏறலாம். மூன்று ஆண்டுகளாக 400ஐத் தாண்டி நிற்பது எலும்பு மெலிவுக்குப் பொருந்தவில்லை. ஆண்டுக்கொரு முறை ஏற்றும் மருந்து எலும்பு மெலிவுக்கு நல்ல மருந்து. ஆஸ்டியோமலேசியா இருக்கும்போது கொடுத்தால் பாஸ்பரஸ் இன்னும் இறங்கி நிலைமை மோசமாகலாம். ஆகவே விடை தெரியும்வரை அடுத்த முறை ஏற்றுவதைத் தள்ளிவைக்கலாமா என்று தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தக் கட்டி என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனைச் சிறிதளவு சுரக்கின்றன. சிறுநீரகம் வடிகட்டிய பாஸ்பேட்டில் எவ்வளவைத் திரும்ப எடுத்துக்கொள்வது, எவ்வளவைச் சிறுநீரில் விடுவது என்பதை அது கட்டுப்படுத்துகிறது. கட்டி அதே ஹார்மோனை அளவின்றிச் சுரக்கும்போது பாஸ்பேட் சிறுநீரில் வீணாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சிறுநீரகத்தில் வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவதையும் அதே ஹார்மோன் தடுத்துவிடுவதால், உணவிலிருந்து கிடைக்க வேண்டியதும் குறைகிறது. பொட்டலம் பொட்டலமாக வைட்டமின் டி கொடுத்தும் நோய் அசையாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

1947இல் இங்கிலாந்தில் ராபர்ட் மெக்கான்ஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். மிக அதிக அளவில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார். தொடை எலும்பிலிருந்த ஒரு கட்டியை அகற்றிய பிறகே அவள் முழுமையாகக் குணமடைந்தாள்; ஆயினும் கட்டிதான் காரணம் என்று அவர் முடிவு கட்டவில்லை, வைட்டமின் டிக்கு உடல் இணங்க மறுத்ததாகவே கருதினார். 1959இல் சுவிட்சர்லாந்தில் ஆந்த்ரேயா பிராடர், விலாவில் இருந்த கட்டியை எடுத்ததும் ஒரு சிறுமியின் ரிக்கெட்ஸ் (வளரும் வயதில் எலும்பு இளகும் நோய்) குணமானதைக் கண்டு, கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிப்படுகிறது என்று சொன்னார். அந்தப் பொருள் எஃப்.ஜி.எஃப். 23 என்று கண்டறியப்பட்டது 2001இல்தான். கண்ணெதிரே கட்டி இருந்தபோதே அதை நோயோடு இணைத்துப் பார்ப்பதற்கு மருத்துவத்துக்கு இத்தனை காலம் ஆயிற்று. ஆகவே தங்கள் அண்ணனைப் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் தம் பணிக்காலத்தில் இந்த நோயுடன் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எச்.எல்.ஏ. பி27 குறித்தும் ஒரு சொல். அது நோயற்றவர்கள் பலரிடமும் இருக்கும் ஒரு மரபுக்கூறு. அது இருப்பதாலேயே முதுகுத்தண்டு வாதம் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் வாத நோய்க்கான மருந்துகளைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அதை எழுதிக் கொடுத்தவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் பாஸ்பரஸ் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். பழைய கோப்பையும் ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

இயன்முறை மருத்துவர் (பதில்)

மேலே மருத்துவர் சொன்னதோடு என் துறையிலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதுகுத்தண்டு வாதம் உள்ளவர் காலையில் எழும்போது மரக்கட்டைபோல இறுகியிருப்பார். நடக்க நடக்க அந்த இறுக்கம் தளரும். ஓய்வெடுத்தால் வலி கூடும், இயங்கினால் குறையும். ஆஸ்டியோமலேசியாவில் இது தலைகீழாக இருக்கும். படுத்திருக்கும்போது ஓரளவு நிம்மதியாக இருப்பார். எடையைத் தாங்கி நின்றாலும் நடந்தாலும் வலி ஏறும்.

வலுவிழப்பும் கவனிக்க வேண்டியது. தங்கள் அண்ணன் தரையிலிருந்து எழும்போது எப்படி எழுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு தம் தொடைகளின்மீதே கைகளை வைத்து, ஏணி ஏறுவதுபோல உடலை மேலே தள்ளுகிறாரா? நடக்கும்போது வாத்துபோல இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாரா? இடுப்பையும் தொடையையும் சேர்ந்த தசைகள் வலுவிழந்திருப்பதன் அடையாளங்கள் இவை. பாஸ்பேட் குறைந்தால் எலும்போடு தசையும் தளரும். என்னிடம் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி கற்க அனுப்பப்பட்ட ஒருவரிடம் இதைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பினேன். அவருக்குத் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழைபோன்ற முறிவு இருந்தது. இடுப்பு மூட்டுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோன நோய் என்று அவருடைய எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அதைத் தவறாக எழுதியிருந்தார்கள். தயவுசெய்து தற்போதைக்கு எந்தக் கடுமையான பயிற்சியையும், முதுகை அழுத்திவிடும் எந்த வைத்தியத்தையும் செய்ய விடாதீர்கள்.

தறிக்கூடம்

மிக்க நன்றி ஐயா, நன்றி சகோதரி. நேற்றிரவு நானும் அண்ணியும் கோப்பு முழுவதையும் தரையில் பரப்பி வைத்துத் தேடினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் மூன்று நாட்கள் தங்கியிருந்தபோது எடுத்த பரிசோதனைகளில், நான்காவது பக்கத்தில், 'பாஸ்பரஸ் 1.6' என்று இருக்கிறது. பக்கத்தில் 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டுள்ளது. எண்ணுக்கு எதிரே சிறிய கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு ஆண்டுகளாக இந்தக் காகிதம் எங்கள் பீரோவில்தான் இருந்திருக்கிறது.

எழுந்திருக்கும் விதமும் சகோதரி சொன்னபடியே இருக்கிறது. தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறார்.

எங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டு இன்று காலை வெறும் வயிற்றில் இரத்தமும் சிறுநீரும் கொடுத்தோம். இரத்தத்தில் பாஸ்பரஸ் 1.5, கிரியேட்டினின் 0.8, அதே நேரத்தில் எடுத்த சிறுநீரில் பாஸ்பரஸ் 45, கிரியேட்டினின் 80. கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் இரண்டும் சரியாக உள்ளன. வைட்டமின் டி 38. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

சுரப்பியியல் மருத்துவர்

இரத்தத்தையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் எடுத்தது மிக நல்லது. தங்கள் மருத்துவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கணக்கு இப்போது தாளிலேயே போட்டுவிடக் கூடியது.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. சிறுநீரிலுள்ள பாஸ்பரஸை இரத்தத்திலுள்ள கிரியேட்டினினால் பெருக்குங்கள்: 45 பெருக்கல் 0.8, அதாவது 36. இரத்தத்திலுள்ள பாஸ்பரஸைச் சிறுநீரிலுள்ள கிரியேட்டினினால் பெருக்குங்கள்: 1.5 பெருக்கல் 80, அதாவது 120. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 0.30 வருகிறது. சிறுநீரகம் வடிகட்டும் பாஸ்பேட்டில் 30 விழுக்காடு சிறுநீரில் வெளியேறுகிறது என்பது இதன் பொருள். இரத்தத்தில் இவ்வளவு குறைந்திருக்கும்போது நலமான சிறுநீரகம் 5 விழுக்காட்டுக்கு மேல் வெளியே விடாது; கிடைத்ததையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மீதி 70 விழுக்காட்டை இரத்த அளவான 1.5ஆல் பெருக்கினால் 1.05 வருகிறது. பாஸ்பேட்டைப் பிடித்துவைக்கும் சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் எண் இது; வயது வந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 2.5க்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே அண்ணன் பாஸ்பரஸ் உள்ள உணவைச் சரியாக உண்ணாததால் இந்தக் குறைவு வரவில்லை. சிறுநீரகத்தின் வழியாக இழக்கிறார்.

ஆனால் இழக்கிறார் என்று தெரிந்தவுடன் கட்டி என்று தாவிவிடக் கூடாது. முதுகுத்தண்டு வாதம் என்ற முடிவில் நடந்த பிழையே இப்படித் தாவியதால் வந்ததுதான். அரிய நோயைத் தேடும்போதும் அதே பிழையை நாம் செய்யலாம். கல்லீரல் அழற்சி பி அல்லது எச்.ஐ.வி. தொற்றுக்காக டெனோஃபோவிர், அடிஃபோவிர் போன்ற மாத்திரைகளை அவர் எப்போதாவது எடுத்திருக்கிறாரா? அவை சிறுநீரகக் குழல்களைப் பாதித்து இதே நிலையை உண்டாக்கும்; அப்படியானால் பாஸ்பேட்டோடு சர்க்கரை, பைகார்பனேட் முதலியவையும் சிறுநீரில் போகும். இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றியிருக்கிறார்களா? ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து எஃப்.ஜி.எஃப். 23ஐ உயர்த்திப் பாஸ்பரஸைக் குறைக்கக்கூடியது. குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதிலிருந்தே கால் வளைவோ, குள்ளமான உருவமோ, பற்களில் அடிக்கடி சீழ் கட்டுவதோ இருந்ததா? இருந்தால் மரபுவழி வரும் பாஸ்பேட் குறைபாட்டை நினைக்க வேண்டும்.

தறிக்கூடம்

அத்தகைய மாத்திரைகள் எதையும் எடுத்ததில்லை. சிறுநீரில் சர்க்கரை இல்லை. பைகார்பனேட்டும் சரியாக இருக்கிறது. இரும்புச்சத்து ஒரே ஒரு முறை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஏற்றினார்கள். மருந்தின் பெயர் கோப்பில் இல்லை. குடும்பத்தில் கால் வளைந்தவர் யாரும் இல்லை; அண்ணன் இளமையில் கைப்பந்து ஆடியவர், எங்கள் எல்லோரையும்விட உயரமானவர்.

சுரப்பியியல் மருத்துவர்

வலி தொடங்கி ஓராண்டு கழித்து ஒரே ஒரு முறை ஏற்றிய இரும்புச்சத்தால் இன்றைய எண்ணை விளக்க முடியாது. அந்தக் குறைவு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கிவிடும். ஆகவே கட்டியைத் தேடுவது இப்போது நியாயமானது.

எஃப்.ஜி.எஃப். 23 அளவைப் பார்க்கலாம். பாஸ்பேட் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுவது நல்லது. பாஸ்பரஸ் 1.5ஆக இருக்கும்போது இந்த ஹார்மோன் மிகக் குறைந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தாலும், இயல்பான எல்லைக்குள் இருந்தாலும்கூட, அது பொருந்தாத அளவுதான். இரத்தத்தைக் குளிர்நிலையிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விலை கூடுதல், எல்லா ஊர்களிலும் செய்வதில்லை.

அதற்கு முன்பு செலவே இல்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அவரைப் படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு மருத்துவர் விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். ஈறு, அண்ணம், தாடை, அக்குள், தொடையின் உட்புறம், முழங்காலின் பின்புறம், கால் விரல்களின் இடுக்கு என்று ஓரிடத்தையும் விடக் கூடாது. இந்தக் கட்டி பெரும்பாலும் மிகச் சிறியது, மெதுவாக வளர்வது, பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் அல்லாதது. தான் இருக்கும் இடத்தில் வலியே கொடுக்காமல் இருக்கும். அதனால்தான் நோயாளியும் அதைச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. வலிக்கிற இடங்களையே நாம் மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். நோயின் வேர் வலிக்காத இடத்தில் இருக்கும்.

பள்ளி ஆசிரியை (பதில்)

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தபோது என் கதையை யாரோ எடுத்து எழுதியதுபோல இருந்தது. நான் இதே நோயில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். எனக்கும் வாதம் என்றார்கள், தைராய்டு என்றார்கள், பணிச்சுமை என்றார்கள். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியாமல் போனபோது மருத்துவ விடுப்பு எடுத்தேன். அதற்குள் என் வலியை நானே நம்பாத நிலைக்கு வந்திருந்தேன். கடைசியில் ஒரு இளம் மருத்துவர் பாஸ்பரஸ் எழுதிக் கொடுத்தார். 1.2 என்று வந்தது.

ஸ்கேன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகவே எழுதுகிறேன். முதலில் எனக்கு எடுத்த பெட் ஸ்கேனில் (கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் படம்) ஒன்றும் இல்லை என்று வந்தது. எல்லா நம்பிக்கையும் போய்விட்டது. ஏழு மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவர் அந்தப் படங்களையே வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தொடையின் பாதியோடு நின்றிருக்கிறது, உங்கள் கால்களை இந்த எந்திரம் பார்க்கவே இல்லை" என்றார். புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கமான ஸ்கேன் மண்டை ஓட்டின் அடியிலிருந்து தொடையின் நடுப்பகுதிவரைதான் எடுப்பார்களாம். இரண்டாம் முறை வேறு மருந்தை ஏற்றி, உச்சந்தலையிலிருந்து கால்விரல் நுனிவரை எடுத்தார்கள். இடது காலில், இரண்டாம் விரலுக்குக் கீழே ஒரு புள்ளி விளக்குபோல எரிந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு இருந்தது. அதைக் கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். எந்த மருத்துவரிடமும் அதைச் சொன்னதில்லை. இடுப்பு வலிக்காகப் போகிறவள் கால் ஆணியைப் பற்றி ஏன் பேசப்போகிறேன்?

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரக்கூடும் என்பதால் அந்த விரலையும் சேர்த்து எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பாஸ்பரஸ் 2.8. அதைச் சொல்ல வந்த பயிற்சி மருத்துவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்னைவிட அவர்தான் மகிழ்ந்தார். வலி மறைய மாதங்கள் ஆயின, எலும்பு இறுகுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அடுத்த மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். உங்கள் அண்ணனும் எழுவார். அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சுரப்பியியல் மருத்துவர்

ஆசிரியை அவர்கள் எழுதியதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. அவர்கள் 'வேறு மருந்து' என்றது கேலியம் 68 சேர்ந்த டோட்டாடேட். இந்தக் கட்டியின் செல்களின்மேல் சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் மிகுதியாக இருக்கும். டோட்டாடேட் அவற்றைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. வழக்கமான குளுக்கோஸ் வகை பெட் ஸ்கேனைவிட இது இந்தக் கட்டியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவுகளிலும் சிறிதளவு ஒளி தெரியும் என்பதால், ஸ்கேன் எழுதும் படிவத்தில் எந்த நோய்க்காகத் தேடுகிறோம் என்பதையும், தலை உச்சி முதல் கால்விரல் நுனிவரை வேண்டும் என்பதையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். சந்தேகத்துக்குரிய இடம் தெரிந்தபின் அந்த இடத்துக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பை கே.இ.எம். ஆகிய மருத்துவமனைகளின் சுரப்பியியல் துறையினர் இந்நோயாளிகளைப் பார்த்து, அந்த அனுபவத்தை ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தங்களுக்கு அருகில் இருப்பது வேலூர்.

தேடல் முடியும்வரை அண்ணன் சும்மா இருக்க வேண்டியதில்லை. பாஸ்பேட்டைக் கரைசலாகவோ பொடியாகவோ ஒரு நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்து, அதோடு செயல்படும் வடிவத்திலுள்ள வைட்டமின் டியான கால்சிட்ரியாலையும் கொடுப்பார்கள். நம் நாட்டில் ஜூலி கரைசல் என்று ஒன்றைப் பல மருத்துவமனைகளில் தயாரித்தே தருகிறார்கள். வயிற்றுப்போக்கு வரலாம், சிறுநீரில் கால்சியம் கூடிக் கல் உண்டாகலாம், பாராதைராய்டு தூண்டப்படலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். கட்டியைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கும் அகற்ற முடியாதவர்களுக்கும், எஃப்.ஜி.எஃப். 23ஐத் தடுக்கும் புரோசுமாப் என்ற ஊசியை அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். அதன் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. முதல் ஸ்கேனில் தெரியவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். ஓரிரு ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நோய்க்குறியியல் மருத்துவர் (பதில்)

நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். கட்டி கிடைத்து அதை எங்களிடம் அனுப்பும்போது, படிவத்தில் 'மென்திசுக் கட்டி' என்று இரண்டு சொற்களோடு நிறுத்திவிட வேண்டாம் என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'இரத்தத்தில் பாஸ்பரஸ் 1.5, பல எலும்புகளில் முறிவு' என்ற ஒரு வரி போதும், நாங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இந்தக் கட்டிக்குப் பாஸ்பேட் இழக்கச் செய்யும் மீசன்கைமல் (இணைப்புத் திசு வகை) கட்டி என்று 1987இல் பெயரிட்டார்கள். சிறு கதிர்வடிவச் செல்கள், கிளைவிட்ட ஏராளமான இரத்த நாளங்கள், அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றும் சுண்ணாம்புத் துகள்கள், இடையிடையே பெரிய பல்கருச் செல்கள் எனப் பல முகங்கள் அதற்கு உண்டு. எந்த முகம் மேலோங்கித் தெரிகிறதோ அதைப் பொறுத்து, இரத்த நாளக் கட்டி என்றோ பெருஞ்செல் கட்டி என்றோ வேறு பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. வெளியில் வாத நோய்போல நடிப்பது, உள்ளே வேறு கட்டிபோலவும் நடிக்கிறது. ஏறத்தாழப் பாதிக் கட்டிகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்ட ஒரு மாற்றம் காணப்படுவதால், ஐயம் இருந்தால் அதைச் சோதித்தும் உறுதிசெய்யலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுகளிலோ அதற்குச் சற்று முன்போ, தங்கள் அண்ணனின் உடலிலிருந்து ஏதாவது சிறு கட்டியை எடுத்திருக்கிறார்களா? 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லி எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எடுத்திருந்தால் அந்த ஆய்வகத்தில் அந்தத் திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டை இன்னும் இருக்கலாம். அதை வாங்கி மறுபடி பார்க்க முடியும்.

தறிக்கூடம்

அம்மா, தாங்கள் கேட்ட பிறகு அண்ணனிடம் விசாரித்தேன். கட்டி எதையும் எடுத்ததில்லை என்றார். சிறிது நேரம் கழித்து அண்ணிதான் சொன்னார்கள்: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறு தடித்திருந்ததாம். பல் மருத்துவர் அந்தப் பல்லைப் பிடுங்கினாராம். தடிப்பு அப்படியே இருந்ததாம். வலி இல்லாததால் அதை மறந்துவிட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு சிறு மேடு இருக்கிறது. அதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஐயா சொன்னது நினைவிருக்கிறது, தாவக் கூடாது.

எங்கள் ஊர் மருத்துவர் வேலூருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை முன்பதிவு கிடைத்துள்ளது. கடிதத்தில் பாஸ்பரஸின் இரண்டு எண்களையும், சிறுநீரகக் கணக்கையும், ஈறு தடிப்பையும் எழுதி, ஸ்கேன் உச்சந்தலை முதல் கால்விரல் நுனிவரை எடுக்கும்படி கேட்டு அடியில் கோடிட்டிருக்கிறார். அண்ணனிடம் ஆசிரியை அம்மாவின் பதிலைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கோலம் போட்டுவிட்டு எழுந்ததாக அவர்கள் எழுதிய இடத்தை மட்டும் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

முடிவு வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.